எடுபிடி இல்லாத பட்டறையில் தொழில் கற்பது எப்படி?

கோவை, சிஎன்சி புரோகிராமர்:

மிஷின் வந்தால் வேலை போய்விடுமா, படித்தால் தப்பிக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கோவை கணபதி பகுதியில், கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் நான் பார்த்தது கொஞ்சம் வேறு மாதிரி. அதைச் சொல்கிறேன். உங்கள் தொழிலில் எப்படி என்று நீங்களும் எழுதுங்கள்.

ஐடிஐயில் டர்னர் முடித்துவிட்டு நான் சேர்ந்த பட்டறையில் எல்லாம் பழைய லேத்துகள், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மிஷின்கள். லேத்துக்கு ஒரு ஆள், அவருக்குக் கீழே ஒரு பையன். கடையும்போது விழும் இரும்புச் சுருளை அள்ளுவது, சூடு தணிக்கக் கூலன்ட் ஊற்றுவது, கடைந்து முடித்த பாகத்தை, அதாவது ஜாப்பை, துடைத்து அடுக்குவது, டீ வாங்கி வருவது எல்லாம் பையனின் வேலை. சம்பளம் என்று வெளியே சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க அவன் மிஷின் பக்கத்திலேயே நின்றான். டூல் மழுங்கினால் சத்தம் எப்படி மாறும், சுருள் நீளமாக வந்தால் என்ன, பொடிப்பொடியாக வந்தால் என்ன என்பதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை. கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கித்தான் ஏறியது. மரை, அதாவது திருகு வரி, வெட்டும்போது டயலில் சரியான கோடு வரும் நேரம் பார்த்து லீவரைப் போட வேண்டும். தப்பினால் மரை போச்சு, ஜாப் ஸ்கிராப். அதில் கை வைக்க விட்டார்கள் என்றால் தொழில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மிஷினில், ஜி76 என்று இரண்டு வரி அடித்தால் மரை தானாக வருகிறது, அதுவும் நூறு ஜாப்பும் ஒரே மாதிரி. டூலைத் தீட்ட வேண்டியதில்லை, இன்சர்ட் என்ற சின்ன வெட்டுமுனையைத் திருப்பிப் போட்டால் போதும். சுருளைக் கன்வேயர் வெளியே தள்ளுகிறது. இரண்டு மூன்று மிஷினை ஒரே ஆபரேட்டர் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் பட்டறையில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. லேத் ஆட்கள் ஒவ்வொருவராக வயதாகி நின்றார்கள், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். போனது அந்தப் பையனின் இடம். சேராத பையனை வேலை இழந்தவன் என்று எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஆபரேட்டராக இன்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் தம்பிகள். கதவைத் திற, ஜாப்பை மாட்டு, பச்சை பட்டனை அமுக்கு. சில நாட்களில் பழகிவிடும். அதற்கு மேல் போக வழியில்லை. கன்ட்ரோலரில் புரோகிராமைத் திருத்த விடாமல் பூட்டும் சாவி ஒன்று உண்டு. அது எப்போதும் சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருக்கும். தெரியாதவர் கை வைத்தால் டூல் போய், ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கில் இடிக்கும், அதைச் சுழற்றும் ஸ்பிண்டில் காலி, செலவு லட்சத்தில். அதனால் பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எத்தனை வருடம் நின்றாலும் அந்தத் தம்பி பட்டன் அமுக்குகிறவராகவே இருப்பார்.

இன்னொரு வாசல் வழியாக பி.இ. மெக்கானிக்கல் பையன்கள் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் டூல் பாத், அதாவது டூல் போகும் வழி, போடுவதில் கெட்டிக்காரர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சமீபத்தில் ஒருவருக்கு மெல்லிய சுவருள்ள புஷ் (குழாய் மாதிரி பாகம்) ஒன்றுக்கு போரிங், அதாவது உள்துளை கடையும் வேலை, கொடுத்தோம். சக்கில் இருக்கும்போது அளந்தால் அளவு கச்சிதம். கழற்றி மேஜையில் வைத்து அளந்தால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. அவர் துளையை அளக்கும் போர் கேஜ்மேல் சந்தேகப்பட்டு வேறு கேஜ் வாங்கி வந்தார். பழைய லேத் மாஸ்டர் ஒருவர் எங்களிடம் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார். ஜாப்பைக் கையில் வாங்கி ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டு, "ஜா அழுத்துதுங்க தம்பி. அழுத்தத்தைக் குறைங்க, சாஃப்ட் ஜா போடுங்க, கடைசி கட்டைச் சன்னமா எடுங்க" என்றார். ஜா என்பது சக்கில் ஜாப்பை இறுக்கும் பிடி. அது அழுத்தினால் மெல்லிய சுவர் வளையும், கழற்றியதும் திரும்பும். சரியாகிவிட்டது. இது அந்தப் பையனின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார். அந்த மாஸ்டர் ஓய்வு பெற்றபின் யாரைக் கேட்பது?

2022ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்த ஒப்பந்தம் போட்டது. ரோபோ, சிஎன்சி எல்லாம் அதில் உண்டு. நல்ல விஷயம். எனக்கு இருக்கும் கேள்வி, அந்த மிஷினில் ஒரு மாணவன் எத்தனை ஜாப்பைக் கெடுக்க விடுவார்கள் என்பதுதான்.

பல்லடம் பக்கம், ஸ்பின்னிங் மில்:

அண்ணா சொல்வது எங்கள் மில்லுக்கும் பொருந்தும். நான் டாஃபராகச் சேர்ந்தேன். நூல் நூற்கும் ரிங் பிரேமில் நூல் நிறைந்ததும் கும்பலாகப் போய்க் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டுவோம். அப்படியே பார்த்துப் பார்த்து அறுந்த நூலைச் சேர்க்கப் பழகி, பிரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் ஆனேன். இப்போது புது பிரேமில் ஆட்டோ டாஃபிங், மிஷினே கழற்றி மாட்டிவிடும். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் அக்காமார் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுவார்கள். ஆட்டோகோனர் முடிச்சே இல்லாமல் காற்றால் சேர்த்துவிடுகிறது. நூல் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மகள் பி.காம். முடித்துவிட்டாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது உதவியாக இருந்தது. டேலியும் படித்திருக்கிறாள். போகிற இடமெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் கேட்கிறார்கள். முன்பு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் எழுத, பேங்க் கணக்கு ஒத்துப் பார்க்க நான்கைந்து பிள்ளைகளை வைத்திருப்பார்கள். இப்போது ஸ்டேட்மெண்ட் நேராக சாஃப்ட்வேருக்குள் வந்துவிடுகிறதாம். எழுத ஆளே வேண்டாம் என்றால் எக்ஸ்பீரியன்ஸ் எங்கே கிடைக்கும் அண்ணா?

மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

நான் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே கொடி பிடிப்போம். 1983ல் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் ஒப்பந்தம் ஆகி, அளவோடு மிஷின் வர ஆரம்பித்தது. அப்புறம் எல்லாக் கிளைக் கணக்கையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்து லெட்ஜரே மறைந்தது. எங்கள் கிளையில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. வங்கிகள் இன்னும் கிளைகள் திறந்தன. ஆகவே ரொம்பவும் பயமுறுத்த வேண்டாம்.

ஆனால் தம்பி சொல்லும் எடுபிடி விஷயம் உண்மை. சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், யாரோ 54ஐ 45 என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். அப்படித் தேடித் தேடி ஊரில் யார் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது மனதில் பதிந்துவிடும். பிற்பாடு மேனேஜர் ஆனபோது, கடன் கேட்டு வருகிறவரின் வரவு செலவைப் புரட்டியதுமே எங்கே இடிக்கிறது என்று தெரிந்ததற்கு அதுதான் காரணம். இன்றைய பிள்ளைகள் பரீட்சை எழுதி நேராக ஆபீசராக வருகிறார்கள். புத்திசாலிகள்தான். தேடிப் பழக ஒன்றும் இல்லை.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

எல்லோரும் பழைய காலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறீர்கள். அந்தப் பட்டறைப் பையனாகச் சேர யாருக்கு இடம் கிடைத்தது? மாமன், மச்சான், சொந்தக்காரன், சொந்தச் சாதி. பெண் பிள்ளையை லேத் பக்கம் நிற்க விட்டார்களா? என் வகுப்பில் படித்த பெண்கள் இன்று விஎம்சி என்ற சிஎன்சி மில்லிங் மிஷினில் செட்டிங் போடுகிறார்கள். வருடக்கணக்கில் டீ வாங்க வைத்துவிட்டு, மாஸ்டர் தொழில் ரகசியத்தை மட்டும் மறைத்துக்கொண்ட கதையும் எனக்குத் தெரியும்.

கெடுக்க விடுவார்களா என்று கேட்டீர்கள். நான் விடுகிறேன். நைலான் ராடை மாட்டி, டூல் ஆஃப்செட்டை, அதாவது மிஷினில் பதிந்த டூலின் அளவை, வேண்டுமென்றே மாற்றி வைத்துவிட்டு, அளவு ஏன் தப்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாகத்தான் ஓட்ட வேண்டும். இடித்தாலும் பெரிய சேதம் இல்லை. மாணவர்களுக்கு இதுதான் பிடித்த வகுப்பு. பிரச்சினை என்னவென்றால் இதற்கு மார்க் கிடையாது. ரெக்கார்ட் நோட்டு நிரம்பியிருக்கிறதா என்றுதான் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் பார்க்கிறார்.

கோவை, சிஎன்சி புரோகிராமர்:

சார், சாதி விஷயம் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் பட்டறையிலும் சொந்தக்காரப் பையன்கள்தான் இருந்தார்கள். நைலான் ராடு யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, உங்கள் மகளுக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தெரிந்த சின்ன ஆடிட்டர் யாராவது இருந்தால், ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஒத்துவராத பில்களைத் தேடும் வேலையைக் கேட்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் தப்பைக் காட்டுமே தவிர, சப்ளையருக்குப் போன் போட்டு அதைத் தீர்க்க இன்னும் ஆள் வேண்டும்.

ஆபரேட்டர்களுக்கு ஆஃப்செட், புரோகிராம் சொல்லித் தரலாம் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டேன். "கத்துக்கிட்டு அடுத்த பட்டறைக்கு ஆயிரம் ரூபா கூடன்னு போயிட்டா எனக்கு என்னங்க லாபம்?" என்றார். அவர் பக்கமும் தப்பில்லை. சின்னப் பட்டறை, மிஷின் லோன் ஓடிக்கொண்டிருக்கிறது. 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் பயிற்சியாளர்களை எடுத்து முறையாகப் பழக்கும் சின்னப் பட்டறை இங்கே யாராவது நடத்துகிறீர்களா? பழகியவர்கள் போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால், முதலாளியிடம் அப்படியே காட்டுகிறேன்.