மறு: பச்சைப்பூச்சா, பசுமைப் பசப்பா?

ஐயா, வணக்கம். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று போலியாகக் காட்டிப் பொருளை விற்பதை ஆங்கிலத்தில் ‘greenwashing’ என்கிறார்கள். நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> ‘பச்சைப்பூச்சு’ என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் உணவுப் பார்சல் பொருள்களைப் பற்றிப் பேசும்போது ‘பூச்சு’ வேறு வேலையில் இருக்கிறது. காகித டீக்கப்பின் உட்பக்கம் இருப்பதே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சுதான். காட்பாடியில் டீ குடித்த கப் ஒன்றைக் கொண்டுவந்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காகிதம் கூழாகி விரலோடு வந்துவிட்டது. கப்பின் வடிவிலேயே மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் கையில் நின்றது. இந்தப் பூச்சுள்ள கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. அதன்மேல் இலைப் படம் போட்டு விற்பதைப் ‘பச்சைப்பூச்சு’ என்றால், படிப்பவர் எந்தப் பூச்சை நினைப்பார்?

குழுவில் அக்கா சொன்ன ‘பசுமைக் கழுவல்’ எனக்கு ஒப்பவில்லை. 1986-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட், ஓட்டல்கள் துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்வதைப் பற்றி எழுதியபோது ஆக்கிய இந்த ஆங்கிலச் சொல், சுவருக்குச் சுண்ணாம்படிப்பதைக் குறிக்கும் ‘whitewash’ஐ வைத்துப் பிறந்தது. பொங்கலுக்கு நாம் வெள்ளையடிக்கிறோம், கழுவுவதில்லை. ‘கழுவல்’ என்றாலே அழுக்கு போய்விட்டது என்றுதான் தமிழ்க் காதில் விழும்.

என் பரிந்துரை ‘பசுமைப் பசப்பு’. பசுமை, பசப்பு இரண்டுக்கும் வேர் ஒன்றே. நிறமும் அதில் இருக்கிறது, இனிக்கப் பேசி ஏய்ப்பதும் இருக்கிறது. குறளின் 119-ஆம் அதிகாரத்துப் பசப்பு பிரிவுத்துயரின் நிறமாயிற்றே, அதை விளம்பரப் பொய்க்கு இழுக்கலாமா என்று அண்ணன் கேட்டிருந்தார். நாம் இழுக்க வேண்டியதே இல்லை, அண்ணா. “சும்மா பசப்பாதடா” என்று எங்கள் அம்மா வாயிலேயே அது அங்கே வந்து சேர்ந்துவிட்டது.

பசப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆம்பூரில் என் தம்பி பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். ‘முழுக்க மக்கும்’ என்று எழுதியிருந்ததை நம்பிக் கூடுதல் விலைக்கு டப்பா வாங்கினான். சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகை. இரண்டு டப்பாவையும் மந்தாரைத் தையல் இலை நான்கையும் ஒரே எருக்குழியில் போட்டோம். மழைக்காலம் முடிந்து கிளறினால் இலையில் நரம்புகூட இல்லை. டப்பா மூடியோடு கிடந்தது, கழுவினால் மறுபடி பிரியாணி போடலாம் போல. பி.எல்.ஏ. ஒழுங்காக மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடு வாரக்கணக்கில் நிற்கும் உர ஆலை வேண்டும். வேலூர் மே மாத வெயிலுக்கே அது எட்டாது. டப்பாவில் எழுதியிருந்தது பொய் என்றும் சொல்ல முடியாது, எங்கே மக்கும் என்பதை விட்டுவிட்டார்கள். அதனால் ‘மக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லையும் ‘மண்மக்கு’, ‘ஆலைமக்கு’ என்று பிரிக்கக் கேட்கிறேன்.

ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நாளைக்குக் குடியாத்தத்திலிருந்து ஒருவர் தமிழில் புகார் எழுத உட்கார்ந்தால், “இந்த நிறுவனம் பசப்புகிறது” என்று வினையாகவும் எழுத வரவேண்டும். பூச்சில் அந்த வசதி கிடையாது. ‘பூசுகிறது’ என்றால் எதை என்ற கேள்வி வரும். பட்டியலை மூடுமுன் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. ‘பசப்பு’ இழிவாகத் தொனிக்கிறது என்று யாருக்காவது பட்டால் காரணத்தோடு எழுதட்டும், பதில் சொல்கிறேன்.