ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது, உம்மா வருகிறார்கள்! யாராவது வழி சொல்லுங்கள்

கீழக்கரைப் பொண்ணு, அபர்தீன்:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். ஸ்காட்லாந்துக்கு வந்து இது முதல் குளிர்காலம். அவர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை, மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. பொழுது போகட்டும் என்று யூட்யூப் பார்த்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன், முன்னால் பட்டன் வைத்த மாதிரி. இப்போது நூல் தீரப்போகிறது. கடையில் அதே நிறம் என்று கொடுத்தார்கள், வீட்டில் வைத்துப் பார்த்தால் வேறாகத் தெரிகிறது. அது போதாதென்று வலப்பக்க முன்துண்டு இடப்பக்கத்தைவிடக் குட்டை. உம்மா ஜனவரியில் வருகிறார்கள். அழுகையாக வருகிறது. என்ன செய்யலாம்?

தொண்டிக்காரன், டொரண்டோ:
தங்கச்சி, இதுக்கெல்லாம் அழலாமா? நான் வந்த புதிதில் பேஸ்மென்ட் வீடு, ஜன்னலைப் பனி மூடிவிடும், பகலா இரவா என்றே தெரியாது. பேருந்துக்கு நின்று காது மரத்துப்போய், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நல்ல ஜாக்கெட், உள்ளே தெர்மல், தண்ணீர் புகாத பூட்ஸ், இது மூன்றும் இருந்தால் ஸ்வெட்டரே வேண்டாம். பூட்ஸ் வாங்கியாச்சா?

ஏர்வாடி, ஷார்ஜா:
கீழக்கரைக்கு ஸ்வெட்டரா? மார்கழியிலும் அங்கே ஃபேன் ஓடுமே. உம்மா அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள்? எங்களுக்கு ஆபீஸ் ஏசிதான் குளிர்காலம்.

கீழக்கரைப் பொண்ணு:
காக்கா, உம்மா இங்கேதான் வருகிறார்கள். எனக்கு பிப்ரவரியில் பிரசவம். சொல்ல விட்டுப்போச்சு.

மண்டபம் அக்கா, கிளாஸ்கோ:
அட, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஸ்வெட்டரை ஓரமாக வை. உன்னைப் பார்க்கும் பிரசவ நர்ஸ், அந்த மிட்வைஃபிடம் சொல்லி பேபி பாக்ஸுக்குப் பதிந்துவிட்டாயா? 2017 ஆகஸ்டிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இலவசம். உடுப்பு, போர்வை, தெர்மாமீட்டர், குட்டி மெத்தை எல்லாம் இருக்கும், பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். வைட்டமின் டி தினமும் 10 மைக்ரோகிராம் எடுக்கிறாயா? இந்த ஊர்க் குளிர்காலத்து வெயிலை நம்ப முடியாது. என் முதல் பிரசவத்துக்கு ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. பிரசவ மருந்தான காயம் கிண்டிக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தேன். உனக்கு உம்மா வருகிறார்களே, அதுவே பெரிய விஷயம்.

தங்கச்சிமடம், லண்டன்:
கேட்டது ஸ்வெட்டரைப் பற்றி. குட்டையான துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, குளியல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, படுக்கைவசமாகப் பரப்பி, வேண்டிய அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காயவிடுங்கள். நீளம் வரும்.

மண்டபம் அக்கா, கிளாஸ்கோ:
தண்ணீரில் போடச் சொல்லாதீர்கள் தம்பி! கம்பளி சுருங்கிப் பாய் மாதிரி ஆகிவிடும்.

ஏர்வாடி, ஷார்ஜா:
என் மனைவி எல்லா ஸ்வெட்டரையும் மெஷினில் 40 டிகிரியில் போடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை.

தங்கச்சிமடம், லண்டன்:
அது அக்ரிலிக்காக இருக்கும். கம்பளியைச் சுருக்குவது சூட்டோடு சேர்ந்த கசக்கல். சும்மா ஊறவைத்தால் சுருங்காது.

தொண்டிக்காரன், டொரண்டோ:
ஈரத் துணியை வீட்டுக்குள்ளே காயப்போட்டால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பழைய வீட்டுக்காரர் சுவரைத் துடைக்கச் சொல்லி மாதாமாதம் கடிதம் போடுவார், ஹீட்டரை மட்டும் கூட்டி வைக்க மாட்டார். ஒருநாள் கருவாடு பொரித்ததற்கு மாடியே திரண்டு வந்தது.

மண்டபம் அக்கா, கிளாஸ்கோ:
கருவாட்டைப் பேசாதீர்கள். இங்கே ஐஸில் வைத்த சீலாவை வாங்கிக் குழம்பு வைத்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது. நம்ம குண்டு மிளகாய் போட்டும் பிரயோஜனமில்லை.

ஏர்வாடி, ஷார்ஜா:
ஷார்ஜாவுக்கு வாருங்கள், மீனுக்குக் குறைவில்லை.

தேவிபட்டினம், ஸ்டாவஞ்சர்:
மீனை அப்புறம் பார்ப்போம். தங்கை, நூல் உருண்டையைச் சுற்றியிருந்த காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கம்பளியா, அக்ரிலிக்கா, கலப்பா? நிற எண்ணோடு சாயத் தொகுதி எண் என்று இன்னொன்று இருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் தொகுதி மாறினால் சாயம் கொஞ்சம் மாறும், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எத்தனை துண்டு முடிந்திருக்கிறது? இரண்டு முன்துண்டிலும் வரிசையை எண்ணினீர்களா? ஸ்கேல் வைத்து 10 செண்டிமீட்டருக்கு எத்தனை வரிசை என்றும் பாருங்கள்.

கீழக்கரைப் பொண்ணு:
அக்கா, 75 சதவீதம் அக்ரிலிக், 25 கம்பளி. அவ்வளவு கனமில்லாத டிகே நூல், 4 மி.மீ. ஊசி. தொகுதி எண் வேறுதான். முதுகு, இரண்டு முன்துண்டு, ஒரு கை முடிந்தது. அரை உருண்டை மிச்சம். முன்துண்டு இரண்டிலும் 140 வரிசை. ஆனால் இடப்பக்கம் 10 செண்டிமீட்டருக்கு 28, வலப்பக்கம் 30.

தேவிபட்டினம், ஸ்டாவஞ்சர்:
அப்படியென்றால் எண்ணிக்கை தப்பவில்லை, கை இறுகியிருக்கிறது. எங்கள் அப்பா வலை பின்னும்போது கண்ணி ஒரே அளவில் வருவதற்கு நடுவே ஒரு மூங்கில் பட்டையைக் கொடுத்துப் பின்னுவார். ஸ்வெட்டருக்கு ஊசியின் கனம் மட்டும்தான் உதவி, மற்றதெல்லாம் கை. பதற்றத்தில் பின்னினால் இறுகத்தான் செய்யும். உங்கள் ஊருக்கு வடமேற்கே மோரே ஃபெர்த் என்ற கடல் வளைகுடாக் கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள் கேன்சி என்று ஒரு ஸ்வெட்டரைக் காற்று புகாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னினார்கள், அதற்கு இந்தக் கை சரியாக இருக்கும். ஒரே ஸ்வெட்டரில் இரண்டு மாதிரி இருப்பதுதான் தொந்தரவு.

முக்கால்வாசி அக்ரிலிக் என்பதால் ஈரத்தில் இழுத்தாலும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கவே கூடாது, துவண்டு உயிரற்றுப் போகும், பிறகு மீட்க முடியாது. வலப்பக்கத்தைப் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நெளிவு பெரும்பாலும் அடங்கும். அதையே வைத்துத் திரும்பப் பின்னுங்கள். கொஞ்சம் தளர்வாக வருவதால் நூல் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், அதற்குத்தான் அந்த அரை உருண்டை.

முடிந்த கையையும் பிரியுங்கள், மனசு கேட்காதுதான். கடையில் வாங்கிய மாறிய நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே டிகேயில் எடுப்பாக வேறு நிறம் வாங்கி இரண்டு கையையும் அதில் பின்னுங்கள். கொஞ்சம் மாறினால்தான் கண்ணை உறுத்தும், முழுக்க மாறினால் வேண்டுமென்றே செய்தது என்பார்கள். இரண்டு கையையும் ஒரே ஊசியில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றி, தனித்தனி உருண்டையில் பின்னுங்கள். குட்டை நெட்டை வராது. பழைய கையில் பிரித்த நூல் கழுத்துக்கும் பட்டன் பட்டைக்கும் ஆகும்.

தங்கச்சிமடம், லண்டன்:
எதற்குப் பிரிக்க வேண்டும்? பழைய நூலில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் நிறம் கலந்துவிடும்.

தேவிபட்டினம், ஸ்டாவஞ்சர்:
நல்ல முறைதான் தம்பி, ஆனால் இரண்டு நூலும் கையில் போதுமான அளவு இருக்கும்போது. அரை உருண்டையை வைத்து ஒரு கை முழுக்க மாற்ற முடியாது.

மண்டபம் அக்கா, கிளாஸ்கோ:
சரி, பின்னட்டும். ஆனால் மாசமாக இருக்கும்போது மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவது சகஜம். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நட. இரவில் விரல் எரிந்தால் மிட்வைஃபிடம் சொல்.

கீழக்கரைப் பொண்ணு:
பேபி பாக்ஸுக்குப் பதிந்தாச்சு அக்கா. வலப்பக்கத்தை இப்போதே பிரிக்கிறேன். பட்டன் ஓட்டை எந்தப் பக்கம் வைப்பது?

தேவிபட்டினம், ஸ்டாவஞ்சர்:
பெண்கள் ஸ்வெட்டருக்கு வலப்பக்கப் பட்டையில். ஆனால் இடப்பக்கப் பட்டையை முதலில் பின்னி, பட்டன் வரும் இடங்களில் சேஃப்டி பின் குத்திக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து வலப்பக்கத்தில் ஓட்டை விடலாம். பட்டனை அதற்குப் பிறகு வாங்குங்கள், ஓட்டைக்குள் சரியாக நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து.