பைப்பர் நைக்ரமா, பைப்பர் நைஜரா?

ஆனைமலை மாணவி:
நாற்றங்காலுக்குப் பெயர்ப்பலகை எழுதறோம்ங்க. மிளகோட அறிவியல் பேரு ‘பைப்பர் நைக்ரம்’னு இருக்குது. லத்தீன்ல ‘அர்’னு முடிஞ்சா ஆண்பால்னு படிச்சிருக்கேன். அப்ப ‘நைஜர்’தானே வரணும்? வெத்தலைக்கு வர்ற ‘பைப்பர் பீட்டில்’ எந்தப் பாலோடயும் ஒட்டலையே?

கொல்லிமலை மிளகு:
நைக்ரம்தாங்க சரி. அது ‘கருப்பு’ங்கிற அடை, முன்னாடி நிக்கிற பேரோட பாலுக்கேத்த மாதிரி ஈறு மாறும். பைப்பர், ஆணுமில்லாத பெண்ணுமில்லாத நடுப்பால். ஈற்றை மட்டும் பார்த்தா இப்படித்தான் ஏமாத்தும். லத்தீன் அகராதியில பேருக்கு அடுத்து ஆறாம் வேற்றுமை வடிவம் கொடுத்திருப்பாங்க, அதைப் பாருங்க. வயலுக்கான ‘ஆகெர்’ ஆறாம் வேற்றுமையில ‘ஆக்ரி’ ஆகும், ஆண்பால். பைப்பர் ‘பைப்பெரிஸ்’ ஆகும், மூன்றாம் வாய்பாடு, அதாவது வேற்றுமைக்கேத்த மாதிரி பேர் மாறுற முறையில மூணாவது வகை. அந்த வாய்பாட்டிலயும் ஆண்பால் பேர் உண்டு, அதனால பக்கத்துல போட்டிருக்கற பால் குறியையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க. இஞ்சியோட ஜிஞ்சிபர், கசகசாவோட பப்பாவர் ரெண்டும் பைப்பர் மாதிரியேதான். அதனாலதான் ‘ஜிஞ்சிபர் அஃபிசினேல்’, ‘பப்பாவர் சாம்னிஃபெரம்’.

நம்ம ஈரோட்டு மஞ்சளையும் திப்பிலியையும் சேர்த்து வச்சுப் பாருங்க: ‘குர்குமா லாங்கா’, ‘பைப்பர் லாங்கம்’. நீளத்தைக் குறிக்கிற அடை ஒண்ணுதான். குர்குமா பெண்பால்ங்கிறதால ஈறு மாறுது.

பீட்டில் பெயரடையே இல்லீங்க, பெயர்ச்சொல். பெயர்ச்சொல் அடையா வந்து நின்னா பாலுக்கேத்த மாதிரி மாறாது. அதைத் ‘திருத்தி’ எழுதிடாதீங்க.

நொய்யல்கரை:
பைப்பருக்கு மூலம் கிரேக்க ‘பெபெரி’. அது இந்திய ‘பிப்பலி’யிலிருந்து போனது. பிப்பலி குறிப்பது திப்பிலியை, மிளகை அல்ல. நடுவில் ஈரானிய மொழி வழியாகப் போனதால் லகரம் ரகரமானது என்பது மொழியியலாளர் கருத்து. ரோமில் இரண்டுக்கும் பேர் ஒன்றாக இருந்தாலும் விலை வேறு: ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கில் ஒரு ரோமானிய ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ் (ரோமானிய நாணயம்), வெண்மிளகு 7, கருமிளகு 4. கோவை பக்கத்து வெள்ளலூர்ப் புதையலில் கிடைத்ததும் அதே வெள்ளித் தெனாரியஸ்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மிளகு, திப்பிலி, வெற்றிலை மூன்றையும் பைப்பர் என்ற ஒரே பேரினத்துக்குள்ளேயே வைத்தார்.

ஆனைமலை மாணவி:
கிரேக்கத்துல நடுப்பால்னா லத்தீன்லயும் அதேதானுங்களா?

நொய்யல்கரை:
அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்மா. கடுகுக்குக் கிரேக்கத்தில் ‘சினாபி’. பெபெரி போலவே இகர ஈறு, நடுப்பால். லத்தீனில் அது நடுப்பால் ‘சினாபி’யாகவும் பெண்பால் ‘சினாபிஸ்’ ஆகவும் வழங்கியது. தாவரவியல் பின்னதை எடுத்துக்கொண்டது. ஆகவே வெண்கடுகு ‘சினாபிஸ் ஆல்பா’. ‘ஆல்பம்’ என்று எழுதினால் பிழை.

கொல்லிமலை மிளகு:
பலகையில ஆங்கில எழுத்துல எழுதறப்ப முதல் சொல்லோட முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்துங்க. ‘நைக்ரம்’ சின்ன எழுத்துலயே தொடங்கணும்.