மென்தொடுகையும் ஏந்துகையும்: முதுகுக்கு ஒரு சொல் தேடி

அன்பின் நண்பர்களே,

தலையையும் முதுகையும் மெல்லத் தொட்டுச் செய்கிற கிரேனியோசேக்ரல் தெரபிக்கு, நோட்டீசில் போட ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று ஒரு தங்கச்சி இங்கே கேட்டதிலிருந்து, மூன்று நாளாகப் பேசாமல் உங்கள் பதில்களை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் "மண்டையோட்டுத் திருவென்பு மருத்துவம்" என்ற சொல்லுக்கு ஒருவர் பின் ஒருவராக ஓம் போடத் தொடங்கிவிட்டீர்கள். இனியும் சும்மா இருந்தால் அது மட்டக்களப்பு கல்லடியில் நோட்டீசாகவே அடிபட்டு வந்துவிடும் என்று பயந்து எழுதுகிறேன்.

சொல் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கிரேனியம் என்றால் மண்டையோடு, சேக்ரம் என்றால் நாரிக்குக் (கீழ் முதுகுக்குக்) கீழே 5 முள்ளந்தண்டென்புகள் ஒட்டி ஒன்றாகிப்போன திருவென்பு. லத்தீன்காரர் அதைப் புனித எலும்பு என்றார்கள், நம் பாடநூல்காரர் அதைப் பார்த்துத் 'திரு' போட்டார்கள், நானும் உயர்தர வகுப்பில் வருடக்கணக்காக அதைத்தான் படிப்பித்தேன். சோதனைத் தாளுக்கு அது போதும். ஆனால் நோட்டீசு கேட்ட தங்கச்சி யாருக்காக அதை அடிக்கப் போகிறார்? வயல், தையல், வெளிநாட்டில் புருஷன், வீட்டில் மூன்று பிள்ளை என்று முதுகு விறைத்துப்போன பெண்களுக்காக. அவர்கள் "திருவென்பு மருத்துவம்" என்று கண்டால், மாமாங்கக் கோயிலில் விபூதி போடுகிற அலுவல் ஏதோ என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெயர் ஒரு கொள்கையையும் தோளில் சுமந்துகொண்டு வருகிறது. அமெரிக்காவில் ஒஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் வைத்திய முறை) படித்துக்கொண்டிருந்த வில்லியம் சதர்லண்ட், கழற்றி வைத்த மண்டையோட்டு எலும்புகளின் சரிந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, இது மீன் செவுள் மாதிரி (நாங்கள் பூ என்போமே) இருக்கிறது, அப்படியென்றால் இவையும் மூச்சுவிடுவதுபோல் அசைய வேண்டும் என்று எண்ணினார். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசி. பிறகு 1970களில் ஜோன் அப்லெட்ஜர் அதை எடுத்து வளர்த்தார்: மூளையையும் முண்ணாணையும் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) சுற்றி ஓடும் பாய்பொருளுக்கு, அதாவது திரவத்துக்கு, ஒரு தாளம் உண்டு, பழகிய கை அதை உணரும் என்றார். பாய்பொருள் இருப்பது மெய். வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும், நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றர் அளவில் புதிதாகச் சுரக்கும். தாளம்தான் இடறுகிறது. ஒரே ஆளை வெவ்வேறு சிகிச்சையாளர்கள் தொட்டு எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் ஒருவரின் எண்ணிக்கை மற்றவருடையதோடு பொருந்தவேயில்லை. வளர்ந்தவரின் மண்டையோட்டுப் பொருத்துகள் விரல் நுனிக்கு அசைந்து கொடுக்கும் என்பதையும் உடற்கூற்றியல் படித்தவர்கள் இலேசில் ஒத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கலைச்சொல் கை செய்கிற வேலையைச் சொன்னால் போதும், கொள்கைக்குச் சாட்சி சொல்லப் போகவேண்டாம். இதற்கு அந்தப் பக்கமே இரண்டு உதாரணம் கிடக்கிறது. முள்ளந்தண்டைக் கையால் திருத்தும் கைரோபிரக்டிக் 1895இல் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் தொடங்கியது, அவரிடம் வைத்தியம் பார்த்த சாமுவேல் வீட் என்ற போதகர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பெயர், கை, செய்கை, அவ்வளவுதான். கொள்கை எத்தனை தடவை அடிபட்டாலும் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கையால்தானே செய்கிறார்கள். ஒஸ்டியோபதியைப் பாருங்கள்: எலும்பு, நோவு. எல்லா நோய்க்கும் வேர் எலும்பில் என்று அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் நினைத்த காலத்துப் பெயர். இன்று அமெரிக்காவில் அந்தப் பட்டம் எடுத்தவர்கள் சத்திரசிகிச்சை வரை செய்கிறார்கள், பெயர்ப்பலகையில் இன்னும் எலும்பு நோவு.

சரி, கை என்ன செய்கிறது? போன வருடம் மெல்பேர்னிலிருந்து வந்த மருமகள் இந்த மண்டையோட்டு முறையைப் படித்திருந்தாள். என் நாரிப்பிடிப்பைக் கேட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுக்கச் சொன்னாள். சாரம், சேர்ட் எதுவும் கழற்றவில்லை, எண்ணெய் இல்லை. ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்தாள், பிறகு நாரிக்குக் கீழே, பிறகு பாதத்தில். அழுத்தம் 5 கிராம் அளவுதான் என்று படிப்பிப்பார்களாம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி சீனியின் பாரம். முக்கால் மணித்தியாலம். வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை: "என்ன புள்ள, எப்ப உருவப் போறாய்?" நான் அதற்குள் குறட்டை. நாரி நோவு அடுத்த நாளும் இருந்த இடத்தில் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அன்றிரவு நித்திரை வந்த விதம் பல மாதமாகக் காணாதது. பிறகு அக்காதான் சொன்னா, "கழுத்து நிக்காத பிள்ளையை ஏந்துற மாதிரியெல்லோ புடிச்சுக்கொண்டிருந்தாள்."

அதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் தந்த சொற்களைப் பார்க்கிறேன்.

'தொக்கணம்' (உடம்பைக் கையால் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறை) என்று சித்த மருத்துவ நண்பர் சொன்னது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, நம்முடைய சொல். ஆனால் அதன் ஒன்பது வகையை ஒருக்கால் வாயால் சொல்லிப் பாருங்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். எல்லாம் உடம்பை ஒரு வழி பண்ணுகிற வேலை. சும்மா கையை வைத்துக்கொண்டு இருக்கிற காரியம் அந்தப் பட்டியலில் இல்லை. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் வந்தவர்களுக்கு 'உருவல்' என்றாலும் 'வழித்தல்' என்றாலும் முதலில் ஞாபகம் வருவது தாங்கள் போட்ட சத்தம்.

'வருடல்' அழகான சொல், கணினிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். வருடி என்றால் இப்போது ஸ்கேனர். "முதுகு வருடல்" என்று போட்டால் ஸ்கேன் எடுக்க எவ்வளவு என்று கேட்டு வருவார்கள். 'தீண்டல்' வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் பாம்பு, மறுபக்கம் தீண்டாமை. 'மசாஜ்' என்ற சொல்லுக்கு ஊரில் என்ன பெயர் என்று நான் எழுதத் தேவையில்லை. பக்கத்து முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் பெண்கள் வரவேண்டும் என்றால் அந்தச் சொல் வாசலிலேயே மறித்துவிடும். 'கைவைப்பு' என்று எழுதிய கல்முனைத் தம்பி பகிடிக்குத்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை நண்பரின் 'மன அழுத்த நீக்கச் சிகிச்சை' பற்றிக் கொஞ்சம் நீட்ட வேண்டும். அங்கே மன அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டுக்கும் ஓடுகிறது. இங்கே போருக்குள்ளும் சுனாமிக்குப் பிறகும் வேலை செய்தவர்கள் அதைப் பிரித்து, நெருக்கீடு ஒன்று, மனச்சோர்வு வேறொன்று என்று பழக்கிவிட்டார்கள். மனச்சோர்வு உள்ள ஒருவர் மருந்தை விட்டுவிட்டு முதுகைத் தொடுவிக்க வந்து படுத்தால் அந்தப் பாவம் நம் சொல்லுக்கும் சேரும். தவிர, அழுத்தாமல் செய்கிற வேலைக்குப் பெயரில் அழுத்தம் எதற்கு? அக்கா அதை வாசித்தால் பிரசர் குளிசை கொடுக்கிற இடம் என்பா.

'நீக்கம்', 'மருத்துவம்', 'குணமாக்கல்' மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கவுன்சிலிங்குக்கு நாம் வைத்த உளவளத்துணை என்ற சொல்லில் மருத்துவமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை, துணை மட்டும்தான். ஆனாலும் அது ஊரில் ஊன்றிவிட்டது. இதுவும் உடம்பு இலேசாகி மனம் ஆற ஒரு துணை என்ற அளவில் நின்றால் நல்லது. கால் விறைத்தால், சலம் (சிறுநீர்) போவதில் மாற்றம் வந்தால், விழுந்து அடிபட்ட பின் முதுகு நொந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அந்த வரியையும் நோட்டீசில் போடச் சொல்லித் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

என் முன்மொழிவு இரண்டு சொல். ஒன்று பொதுப்பெயர், ஏனென்றால் இந்த வகையில் மண்டையோட்டு முறை மட்டும் இல்லை. அவுஸ்திரேலியாவின் ஜீலோங்கில் டொம் போவன் கண்டுபிடித்த முறை இருக்கிறது, டொனால்ட் எப்ஸ்டைன் 1980களில் தொடங்கிய நெட்வேர்க் முறை இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'முதுகு மென்தொடுகை'. தொடுகை நம் பாடநூலில் ஏற்கெனவே புலனுக்கு உள்ள சொல். 'மென்முதுகுத் தொடுகை' என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள், முதுகு மென்மையாகிவிடும். அடுத்தது, தலையையும் திருவென்பையும் கையில் தாங்கும் முறைக்கு மட்டும் 'ஏந்துகை'. இது அக்காவின் சொல், நான் ஒரு 'கை' மட்டும் ஒட்டினேன். 'கையேந்தல்' என்று மட்டும் யாரும் சுருக்கவேண்டாம், பிச்சை எடுக்கிற அர்த்தம் வந்துவிடும்.

புணர்ச்சி இலக்கணம் பார்க்கிறவர்கள் 'மென்றொடுகை' என்று திருத்த வருவார்கள் என்று தெரியும். வன்றாயி, மென்றாயி என்று மூளை உறைகளை மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள், ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மென்றொடுகை என்றால் வாசிக்கிறவர் எதையோ மென்று துப்பப் போகிறார்கள் என்று நினைப்பார். மென்தொடுகையை அப்படியே விடுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் கிரீன் கெமிஸ்ட்ரிக்குக் 'கெமிஸ்தம்' என்று போட்டார், உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று போட்டார், இரண்டும் இப்போது யார் வாயிலும் இல்லை. அவர் தமிழில் மருத்துவம் படிப்பித்தது மட்டும் மறக்கவில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போனவர் நம்ம காரைதீவு விபுலானந்த அடிகள். ஆகவே சொல்லுக்குச் சண்டை பிடிப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை, தாராளமாகப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிடித்தால் நல்லது, அச்சகத்துக்காரர் அதற்கு மேல் பொறுக்கமாட்டார்.

அப்புறம், அக்கரைப்பற்று டீச்சரிடம் ஒரு கேள்வி: குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலைக்கும் நாரிக்கும் கை கொடுத்துத் தாங்குவதற்கு உங்கள் பக்கத்து மருத்துவிச்சிமார் ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். அது என்ன சொல்? ஏந்துகையைவிட நன்றாக இருந்தால் நான் என்னுடையதை வாபஸ் வாங்குகிறேன், அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.