கண்ணாடி அப்பத்தாவுக்கு வயது எண்பது

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

அப்பத்தா தவறிய செய்தியைக் குழுவில் போட்ட செயலாளர் அண்ணனுக்கும், அதற்குப் பதில் எழுதியவர்களுக்கும் நன்றி. நான் அப்போது துபாயில் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். கிடைத்து வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

செய்தியில் ஒரு திருத்தம். வயது 75 என்று போட்டிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. 1950 ஜனவரி 1. நம்ம ஊரில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தானே. ஆதார் எடுக்க வந்த பையன் பிறந்த தேதி கேட்டதற்கு அப்பத்தா சொன்ன பதிலை சித்தி இன்னும் சொல்லிச் சிரிக்கிறது: "தனுஷ்கோடி அழிஞ்சப்ப என் மூத்தவன் வயித்துல ஏழு மாசம். அதுலேர்ந்து கணக்குப் போட்டுக்க தம்பி." அந்தப் பையனுக்குக் கணக்கு வரவில்லை போல. கம்ப்யூட்டரில் கிடைத்ததைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

நாம் போடுவோம். புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன அதே ராத்திரி. நம்ம கரையில் குடிசைக் கூரைகள் எல்லாம் பறந்து, அப்பத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் மேட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததாம். அய்யாவின் (என் தாத்தா) வத்தை, அதாவது மீன்பிடிக்கிற சின்னப் படகு, போன இடம் தெரியவில்லை. வத்தை இல்லாதவன் என்ன செய்வான்? புயலில் உடைந்த பாம்பன் பாலத்து வேலைக்குக் கூலியாகப் போனார். கடலில் விழுந்த கர்டர்களைத் தூக்கி நிறுத்தி 46 நாளில் ரயில் பாலத்தைச் சரி பண்ணினார்கள். அந்தக் கூலிக் காசில்தான் பெரியப்பாவின் பிரசவம். பெரியப்பாவுக்கு இப்போது அறுபது. கல்யாணமானபோது தனக்குப் பதினெட்டு என்று அப்பத்தா சொல்லும். கல்யாணமான மறுவருசம்தான் புயல். ஆக எண்பது. இதில் சந்தேகமே வேண்டாம்.

அய்யா புதிதாக வத்தை வாங்கச் சில வருசம் ஆனது. அந்த இடைவெளியில்தான் அப்பத்தா பாசி எடுக்கப் போனது. சும்மா போய்ப் பார்ப்போம் என்று போனது, நாற்பது வருசத்துக்கு மேல் விடவில்லை.

வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். கடற்பாசி எல்லா நாளும் எடுக்க முடியாது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். தண்ணி நன்றாக வத்துகிற நேரம் பார்த்து இறங்க வேண்டும். அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்ளும். பாறை காலைக் கிழிக்காமல் இருக்க ரப்பர் செருப்பு. விரலுக்கு விரல் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி நூலால் கட்டும். எனக்கு ஐந்து வயதில் அந்த முடிச்சைப் போட்டுவிடுவதுதான் வேலை, இறுக்கிக் கட்டாவிட்டால் தலையில் ஒரு குட்டு விழும். கடைசியாக, தண்ணிக்குள் பார்க்கிற முங்குக் கண்ணாடி. அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கடைக்கும் ரேஷனுக்கும் போய் வரும். அதனால்தான் ஊர் முழுக்கக் 'கண்ணாடி அப்பத்தா'. பார்வைக் குறைவால் வந்த பேர் என்று குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். இல்லை தம்பி. கடைசி வரை ஊசியில் நூல் கோத்தது.

மரிக்கொழுந்துப் பாசிதான் குறி. விலை உள்ளது அதுதான். அது இல்லையென்றால் கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் இருந்து கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பைக்குள் திணித்து, மேலே வந்து மூச்சு விட்டு, மறுபடி முங்க வேண்டும். இரும்பு வைத்துச் சுரண்டினால் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. "அடியோட சுரண்டுனா அடுத்த அமாவாசைக்கு உன் மண்டையவா பறிக்கிறது?" என்று கூட வருகிறவர்களைத் திட்டும். கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிவிடும், உள்ளே ஒன்றும் தெரியாது. வாடைக் காற்று எடுத்தால் தெளியும். வடகடலை (பாக் நீரிணைப் பக்கம்) பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் நாம் சொல்வோம் இல்லையா? "ஆம்பளக் கடல்ல முங்குறது பூராம் பொம்பளைக" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றும் இரங்கல் செய்தியில் ஒரு வரி இருந்தது. அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. கரையில் பாசியை எடை போட்டு வாங்குகிறவர் ஒருவர் இருந்தார், பேர் வேண்டாம். நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை காசு தருவார். அப்பத்தா ஒரு சாக்கு போட்டால் வீட்டுக்கு வந்து ஓலைக் கொட்டானில் ஒரு சோழியைப் போடும். அரைச் சாக்குக்கு ஒரு சிப்பி. ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அவர் நோட்டைப் பார்த்து இருபத்திரண்டு சாக்கு என்றார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் கொட்டானை அவர் நோட்டின் மேல் கவிழ்த்தது. இருபத்தாறு சோழி. "நீ எழுதுனது அழியும். இது அழியாது, எண்ணிக்க." அவர் எண்ணினார். சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஆறேழு பேர் ஆளுக்கொரு கொட்டானோடு வந்து நின்றார்கள்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நான் பிறந்த வருசம். "நீ பொறந்த வருசந்தான் தீவப் பூட்டுனாங்க" என்று என்னமோ நான்தான் கையெழுத்துப் போட்ட மாதிரி சொல்லும். கெடுபிடி நம்ம கரைக்கு வந்து சேர்ந்தது பல வருசம் கழித்துத்தான். ஒரு நாள் ரோந்தில் வந்தவர்கள் பையைப் பிடுங்கி, பாசியைக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி அப்பத்தா சாப்பிடவில்லை. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இரும்பு வைக்காதே என்று சட்டத்துக்கு முன்பே சொன்ன ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முங்குவதை நிறுத்திய பிறகு எனக்கு மிளகாய் அனுப்புவதுதான் அதன் முக்கிய வேலை. யாராவது விடுப்பு முடிந்து வளைகுடா நாடுகளுக்குக் கிளம்பினால் போதும், முண்டு மிளகாய்ப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கும். இந்தக் குழுவில் எத்தனை பேர் சுமந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 2023இல் நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் போனில் சொன்னேன். "மொளகாய்க்குக்கூட சர்டிபிகேட்டு வந்துருச்சு, என் வயசுக்குத்தான் வரல" என்றது.

கடைசியாகப் பேசியபோது, எப்போது வருகிறாய் என்று கேட்டது. மூன்று வருசம்தானே ஆச்சு, தீபாவளிக்கு வருகிறேன் என்றேன். "முப்பத்தொம்பது அமாவாசை ஆச்சு" என்றது. போனை வைத்த பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரைத் தேதியைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியம் வீட்டிலேயே நடக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள், பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். ஒரு உதவி மட்டும் வேண்டும். இப்போது சுவரில் மாட்டியிருப்பது ஆதார் படத்தைப் பெரிதாக்கியது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ மாதிரி இருக்கிறது. பழைய கல்யாண ஆல்பத்திலோ, திருவிழாப் படத்திலோ, யாருடைய தோளுக்குப் பின்னாலோ, சட்டை போட்டுக் கழுத்தில் கண்ணாடியோடு அப்பத்தா நிற்கிற படம் யாரிடமாவது இருக்கும். தேடி அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

கண்ணாடி அப்பத்தாவின் பேரன்