என்-பிகே7: 60 டிகிரியில் ஒளிவிலகல் எண் ஜீமாக்ஸுடன் ஒத்துப்போகவில்லை

கேள்வி:
கண்ணாடி தயாரிக்கும் ஷாட் நிறுவனத்தின் வெப்பநிலைச் சமன்பாட்டை பைத்தானில் எழுதி, என்-பிகே7 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 20°-இலிருந்து 60° செல்சியஸுக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். அலைநீளம் 0.5876 மைக்ரான். மாறிலிகள்: டி0 = 1.86×10⁻⁶, டி1 = 1.31×10⁻⁸, டி2 = −1.37×10⁻¹¹, ஈ0 = 4.34×10⁻⁷, ஈ1 = 6.27×10⁻¹⁰, லாம்டா-டிகே = 0.170 மைக்ரான். விடை 6.5×10⁻⁵. லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளான ஜீமாக்ஸோ 11.5×10⁻⁵ என்கிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
உங்கள் கணக்கு சரி. அந்தச் சமன்பாடு தருவது வெற்றிடத்தை வைத்துச் சொல்லும் ஒளிவிலகல் எண்ணின் மாற்றம். ஜீமாக்ஸ் காட்டுவது சுற்றியுள்ள காற்றை வைத்து. சூடானால் காற்றும் லேசாகிறதே: 1 வளிமண்டல அழுத்தத்தில் அதன் எண் 20°-இல் 1.0002724, 60°-இல் 1.0002397.

ஷாட் அட்டவணையில் 20° காற்றை வைத்துக் கொடுத்துள்ள 1.51680-ஐ முதலில் 20° காற்றின் எண்ணால் பெருக்குங்கள். அதோடு 6.5×10⁻⁵ கூட்டி, 60° காற்றின் எண்ணால் வகுங்கள். 1.516915 வரும், அதாவது 11.5×10⁻⁵ ஏற்றம். பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு காற்றுடையது!

பலர் சறுக்கும் இன்னொரு இடம்: 60°-இல் கிடைக்கும் சரிவை (ஒரு டிகிரிக்கு எண் ஏறும் அளவை) எடுத்து 40-ஆல் பெருக்குவது. அப்படிச் செய்தால் 7.5×10⁻⁵ வரும். சரிவு வெப்பநிலையோடு மாறுவதால் தொகையிட்ட வடிவத்தைத்தான் போட வேண்டும்.

பதில் 2:
விண்கலத்துக்கான லென்ஸ் என்றால் ஜீமாக்ஸில் அழுத்தத்தை 0 ஆக்குங்கள். ஆனால் அப்போது நீங்கள் கொடுக்கும் அலைநீளத்தையும் வெற்றிட அலைநீளமாகவே அது எடுத்துக்கொள்ளும். காற்றில் 0.58756 என்றால் வெற்றிடத்தில் 0.58772. இதை விட்டுவிட்டால் எண்ணில் சுமார் 7×10⁻⁶ பிசகும். ஒரே லென்ஸைப் பல வெப்பநிலைகளில் ஒப்பிட ஜீமாக்ஸில் உள்ள பல-அமைப்புப் பட்டியலில் (Multi-Configuration Editor) வெப்பநிலை, அழுத்த வரிகள் மற்ற வெப்ப வரிகளுக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 3:
எண்ணை ஆறாம் தசமம் வரை துரத்துவதற்கு முன் லென்ஸைத் தாங்கும் குழாயைக் கணக்கில் எடுங்கள். 100 மிமீ குவியத்தூரமுள்ள ஒற்றை என்-பிகே7 லென்ஸ், காற்றில், 40° ஏற்றம்: கண்ணாடி விரிவு (டிகிரிக்கு 7.1×10⁻⁶) குவியத்தை 28 மைக்ரான் தள்ளுகிறது, எண் ஏற்றம் 22 மைக்ரான் இழுக்கிறது, மிச்சம் 6 மைக்ரான். காற்றை மறந்திருந்தால் 16 என்று வந்திருக்கும். அதே நீள அலுமினியக் குழாயோ 92 மைக்ரான் நீள்கிறது. எஃப்/4 துளையில் குவிய ஆழமே, அதாவது படம் மங்காமல் குவியம் நகரக்கூடிய அளவே, ±19 மைக்ரான்தான்.

ஆகவே அந்தப் படத்தைக் கெடுப்பது அலுமினியம். சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் உலோகக்கலவையில் குழாய் போட்டாலோ, சூடானால் எண் இறங்கும் என்-எஃப்கே51ஏ போன்ற கண்ணாடியைச் சேர்த்து ஈடுகட்டினாலோதான் நிற்கும்.