மறு: மறு: வளிமப் பெருங்கோளா, வாயுக்கோளா? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கோளரங்கத்துக்கான காட்சிப் பலகைகளைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். சூரியனைப் போன்ற தொலைதூர விண்மீனைச் சுற்றும் 51 பெகசி பி பற்றிய பலகையில் மூன்று சொற்கள் இடிக்கின்றன: எக்ஸோபிளானட் (நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் கோள்), கேஸ் ஜயண்ட் (வியாழன்போலப் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமான பெரிய கோள்), ஹாட் ஜூபிடர் (தன் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றுவதால் சூடாக இருக்கும், வியாழன் போன்ற கோள்). சுமார் 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்தக் கோளை 1995இல் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ வியாழனில் பாதி நிறை. ஆனால் தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றி முடித்துவிடுகிறது. இப்போதைக்குப் புறக்கோள், வாயு அரக்கன், சூடான வியாழன் என்று எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

இயற்பியல் ஆசிரியை:

அரக்கன் வேண்டவே வேண்டாம். பெரிதாக இருப்பதெல்லாம் அரக்கனா? பெருங்கோள் போதும். 'வாயு'வையும் விட்டுவிடுங்கள். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்பை நான்தான் அடக்க வேண்டியிருக்கிறது. திண்மம், நீர்மம், வளிமம் என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். வளிமப் பெருங்கோள் என்றே எழுதலாம்.

தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, வடசொல் என்று வாயுவை விலக்கினால் மகிழ்வேன். சிரிப்புக்குப் பயந்து விலக்கினால் பயனில்லை. வளிக்கும் அதே வயிற்றுக் கோளாறு உண்டு. வள்ளுவர் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்னும்போது வளி என்பது வாதத்தைத்தான்.

கோளுக்கு வருவோம். கொள் என்ற முதனிலை திரிந்து கோள். பட்டினப்பாலை 'நாண்மீன் விராய கோண்மீன்' என்கிறது. நம்மவர்க்கு இரண்டுமே மீன்தான், ஒன்று நாளைக் காட்டும் விண்மீன், மற்றது கோள். ஆகவே எக்ஸோபிளானட்டுக்கு அயற்கோண்மீன் என்பதே தகும். ஹாட் ஜூபிடருக்கு வெவ்வியாழன். வெம்மையின் ஈறு போய், முன்னின்ற மெய் திரிந்து, வெவ்வேல் என்பதுபோல.

வானியல் ஆர்வலர்:

ஐயா, கோண்மீன் என்று பலகையில் போட்டால் பாதிப் பேர் கோணலாக நீந்தும் மீன் என்றுதான் நினைப்பார்கள்.

வளிமமா வாயுவா என்று அடித்துக்கொள்கிறோமே, வியாழனுக்குள் பெரும்பகுதி இரண்டுமே இல்லை. கீழே போகப் போக அழுத்தத்தில் ஹைட்ரஜன் நீர்மமாகிறது. இன்னும் ஆழத்தில் உலோகம்போல மின்சாரம் கடத்துகிறது. யுரேனசையும் நெப்டியூனையும் பனிப் பெருங்கோள் என்கிறார்களே, அங்கேயும் நாம் நினைக்கிற பனிக்கட்டி இல்லை. இந்தப் பெயர்கள் எந்தச் சரக்கில் கோள் உருவானது என்பதைச் சொல்கின்றன, இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அல்ல. அதனால் எந்தச் சொல்லை வைத்தாலும் பலகையில் ஒரு வரி விளக்கம் தேவை. அதற்கு இடம் இருக்கிறதா?

மொழிபெயர்ப்பாளர்:

ஒரு வரிக்கு இடம் உண்டு. வெவ்வியாழனை வீட்டில் படித்துக் காட்டினேன். "வெவ்வேறு வியாழனா?" என்றார்கள். சூடான வியாழன் என்றேன். "அன்றைக்கு அவ்வளவு வெயிலா?" என்றார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):

நன்னூல் இடம் தருகிறது. படிப்பவர் தடுமாறினால் அது நன்னூலின் குறையா? இன்னொன்று, வியாழன் என்பதே 'வியல்' என்ற வேரிலிருந்து வந்திருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம். வியல் என்றால் அகலம், பெருமை. கோள்களில் பெரியது எது என்று முன்னோர் அறிந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். எனவே வியாழன் என்றாலே பெருங்கோள். தனியாகப் பெருங்கோள் என்று ஒரு சொல் எதற்கு?

வானியல் ஆர்வலர்:

வெறும் கண்ணுக்கு வியாழனைவிட வெள்ளிதான் பளிச்சென்று தெரியும். தொலைநோக்கி இல்லாமல் அகலம் எப்படித் தெரிந்தது? வியலுக்குச் சான்று இருந்தால் தனி இழையில் போடுங்கள் ஐயா, ஆவலோடு படிப்பேன்.

சூடான வியாழனில் எனக்கு வேறு கவலை. நம் வியாழனே சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். எச்டி 209458 பி என்ற கோளைப் பாருங்கள். நிறை வியாழனைவிடக் குறைவு, ஆரமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அப்படி உப்பிக் கிடக்கிறது. வியாழன் என்பது இங்கே இனப்பெயர், ஆள் பெயர் இல்லை. 'வெப்ப வியாழன் வகைக் கோள்' என்று நீட்டி எழுதினால் குழப்பம் இல்லை.

இயற்பியல் ஆசிரியை:

நீளம்தான். ஆனாலும் புரிகிறது. எக்ஸோபிளானட்டுக்குப் பிறசூரியக் கோள் சரிவராதா?

வானியல் ஆர்வலர்:

வராது. 1992இலேயே ஒரு பல்சரைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெடித்துச் செத்த விண்மீனின் மிச்சத்தைச் சூரியன் என்று எப்படிச் சொல்வது? எந்த விண்மீனையும் சுற்றாமல் தனியே திரிகிற கோள்கள் வேறு இருக்கின்றன.

மட்டுறுத்துநர்:

நாளை வியாழன். பழைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிடாமல் வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள். என் கணக்கில் வளிமப் பெருங்கோளுக்குத்தான் ஆதரவு அதிகம். வெப்ப வியாழன் வகைக்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. புறக்கோள், அயற்கோள் இரண்டுக்கும் சம ஆட்கள். என் வாக்கு அயற்கோளுக்கு. புறம் பேசுவதும் கோள் சொல்வதும் ஒரே வேலை, அதை ஒரு சொல்லுக்குள் இரண்டு தடவை செய்ய வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. அனுப்பிவிட்டேன். வளிமப் பெருங்கோள், வெப்ப வியாழன் வகை, புறக்கோள். அயற்கோள் எனக்கும் பிடித்தது. ஆனால் மற்ற பலகைகளை முன்பே மொழிபெயர்த்தவர் எல்லாவற்றிலும் புறக்கோள் என்றே போட்டிருக்கிறார். ஒரே கூடத்தில் இரண்டு சொல் கூடாது என்றார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். என் எழுத்தில் வெவ்வியாழன்தான்.

இயற்பியல் ஆசிரியை:

என்னுடையதையும் பதிவு செய்யுங்கள். வியாழன் முதல் நெப்டியூன் வரை வெளிப்புறக் கோள்கள் என்று நான் வகுப்பில் நடத்துகிறேன். பிள்ளைகள் அதைச் சுருக்கிப் புறக்கோள் என்றுதான் எழுதுகிறார்கள். 'புறக்கோள்கள் நான்கினைப் பெயரிடுக' என்ற கேள்விக்கு ஒருவன் 51 பெகசி பி என்று எழுதி வைத்தால், மதிப்பெண் கொடுப்பதா வேண்டாமா?